ரெக்சினின் பின்னங்கால்

எந்த நாற்காலியைத் தைத்து முடித்தாலும் குஷன்காரம்மா அதை உடனே கொடுத்துவிட மாட்டாள். முதலில் தானே அதில் உட்காருவாள். பெயருக்கு உட்கார்ந்து எழுவதல்ல. செருப்பைக் கழற்றி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் அப்படியே இருப்பாள். ஃபோன் அடித்தாலும் சரி, வாடிக்கையாளர் வாசலில் நின்று கனைத்தாலும் சரி, அசைய மாட்டாள். எங்காவது ஓர் ஆணித் தலையோ, துணி மடிப்போ, எழும்பி நிற்கும் ஸ்பிரிங்கோ உறுத்தினால் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு, கொடுத்துடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால், "பத்து நிமிஷம் உக்கார்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க பத்து வருஷம் உக்காரப் போறீங்களே" என்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் காலர்தான். அந்தக் காலர் போய் ஒட்டிக்கொள்ளும் சட்டையை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. மிஷினுக்கு முன்னால் முதுகில்லாத மர ஸ்டூல். சாயங்காலம் எழுந்து நிற்கும்போது இடுப்பு யாருடையதோ போல இருக்கும். மேனேஜரின் நாற்காலி கிழிந்துவிட்டது என்று ஒருநாள் ஒரு குஷன்காரர் வந்தார். வேலை முடிந்ததும் மிஞ்சிய ஃபோமை வெட்டி, யாரையும் கேட்காமல், அவளுடைய ஸ்டூலில் ஒட்டி ஆணி அடித்தார்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க?"

"ஒரு ஸ்டூலுக்குத்தான் மிச்சம் இருந்துச்சு."

அடுத்த வாரம் ஒரு மூட்டை ஃபோமோடு வந்து மற்ற ஸ்டூல்களுக்கும் அடித்துக் கொடுத்தார். தான்தான் முதல் ஸ்டூல் என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம்.

அப்புறம் இருபத்தெட்டு வருஷம். சட்டமும் ஸ்பிரிங்கும் அவர், துணியும் தையலும் அவள். பிள்ளை பிறக்கவில்லை. ஆரம்பத்தில் அதற்காக அலைந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மாடியில் அவளுடைய அண்ணன் குடும்பம். அண்ணன் பஸ் டிரைவர். வேலை முடிந்து வரும்போதெல்லாம் தன் சீட்டைப் பற்றித் தங்கையிடம் புகார் சொல்வார், ஏதோ அவள்தான் அதைத் தைத்தவள் போல. அண்ணனுக்கு ஒரே மகள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

அவள் கணவருக்கு எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிற பழக்கம். பெயரெல்லாம் கடையில் இருக்கும் சாமான்களிலிருந்துதான் வரும். ஒல்லி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருந்த அண்ணன் மகளுக்கு ஆணி என்று வைத்தார். எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் மெக்கானிக், கேட்காமலே எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறவர். அவருக்குப் பம்ப் என்று பெயர். மழையில் நனைந்து கடைக்குள் ஒதுங்கிய கறுப்பு நாய்க்குட்டியைத் துடைத்து விட்டபோது அது புது ரெக்சின் சுருளைப் பிரித்தாற்போலப் பளபளத்தது. சோஃபாவுக்குப் போடும் ரெக்சினைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார். மனைவிக்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை. கேட்டால், "உனக்கேத்த சாமான் இன்னும் கடைக்கு வரல" என்பார்.

அவருக்குக் கடைசி வருஷம் இடுப்பு வலி. படுக்கையிலேயே பாதி நாள். கடினமான இடம்தான் உலகத்து வலிக்கெல்லாம் காரணம் என்பது அவள் கண்ட தொழில் ஞானம். அதனால் அவர் கட்டிலில் ஒரு ஃபோம் சேர்த்தாள். வலி குறையவில்லை. இன்னொன்று சேர்த்தாள். அப்புறம் அதைவிட மெத்தென்ற ஒன்று. ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கு?" என்பாள். அவரும் ஒவ்வொரு முறையும் "சுகமா இருக்கு" என்பார். எலும்பு வைத்தியம் தெரிந்த ஒருவர் ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்தார். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அமுங்கினா இடுப்பு எப்படிம்மா நேரா நிக்கும்? பலகை மேல மெல்லிசா ஒண்ணு போடுங்க" என்றார். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் சொல்றதை விடு. எனக்குச் சுகமாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் பலகை வாங்கி வந்தும், அதைக் கட்டிலில் போடுவதற்குள் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

இடுப்பு வலிக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள். ஆனால் மெத்தையைப் பிரித்தபோது, வலது பக்கம் மட்டும் தொட்டில் மாதிரி குழிந்திருந்தது. ஒரு வருஷம் முழுக்க அவர் இடது பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே படுத்திருக்கிறார். எந்தச் சீட்டில் பாரம் எங்கே விழுகிறது என்று பார்த்தவுடன் சொல்கிறவளுக்கு, பக்கத்திலேயே கிடந்தது தெரியவில்லை. அதை யாரிடமும் அவள் பேசியதில்லை.

அவருக்குப் பிறகு ரெக்சின் கடை வாசலிலேயே கிடந்தது. சாப்பிடும், வெளியே போய் வரும், மறுபடி வந்து படுக்கும். பந்தை வீசினால் பந்து போகிற திசையைப் பார்க்கும், அவ்வளவுதான். நடக்காமல் தின்றதில் உடம்பு பெருத்தது. அவளுக்கோ அது தட்டைக் காலி செய்வதைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்ததால் கை தாராளமாகவே போட்டது.

அந்தச் சமயத்தில்தான் டிராம்போலின் வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே குதித்து விளையாடுகிற வட்டமான சட்டம், நடுவில் இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி, சுற்றிலும் நாற்பத்தெட்டு ஸ்பிரிங். ஓரத் தையல் விட்டுவிட்டது என்று கொண்டுவந்து போட்டார்கள். அவள் தைத்து முடிப்பதற்குள் பள்ளியே மூடிவிட்டது. "நீங்களே வெச்சுக்கங்கம்மா, இனி குதிக்க யாரும் இல்ல" என்று ஃபோனில் சொன்னார்கள். கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் அதைப் போட்டாள். ஆணி அன்றைக்குச் சாயங்காலமே ஏறிவிட்டாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ரெக்சின் முற்றத்துக்கு வந்தது. ஆணி குதிப்பதைத் தலையை மேலும் கீழும் ஆட்டியபடி பார்த்தது. திடீரென்று தானும் தாவி ஏறிவிட்டது. அவள் குதிக்க, அது நாலு காலும் அந்தரத்தில் நிற்க எழும்பியது. விழுந்தது, புரண்டது, எழுந்தது, குரைத்தது. அவர் போனதிலிருந்து எட்டு மாதமாகத் தொங்கிக்கிடந்த வால் நிற்காமல் ஆடியது.

"அத்தை, இவன் பறக்கிறான் பாரு."

குஷன்காரம்மா சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாகக் கேட்டதில் கொஞ்சம் கூச்சப்பட்டாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, முற்றத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நாளில் அவள் எதிர்பார்த்திருந்தது அந்த அரை மணி நேரம் ஒன்றைத்தான்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் கடைப் படி ஏறும்போது ரெக்சின் கொஞ்சம் யோசித்தது. வேறு ஒன்றுமில்லை, யோசித்தது. முன்பெல்லாம் ஒரே தாவலில் ஏறும் படி. மறுநாள் படுத்து எழுந்ததும் நாலடி மூன்று காலில் நொண்டிவிட்டு, பிறகு சரியாக நடந்தது.

"தூக்கத்துல கால் மரத்திருக்கும்" என்றாள் ஆணி. "எனக்குக்கூடக் கணக்கு கிளாஸ்ல மரத்துப் போகும்."

பம்ப் சாலையைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். "அக்கா, இது ஒண்ணும் இல்ல. வயசு. நாய்க்கு ஆறு வயசுன்னா நமக்கு நாற்பத்தி சொச்சம். என் முழங்காலும்தான் காலைல கடமுடாங்குது."

"குதிக்கிறதாலயா இருக்குமோ தம்பி?"

"மெத்துனு இருக்கிற துணியில குதிச்சா எப்படிக்கா வலிக்கும்? தார் ரோட்டுல ஓடினா வலிக்கும். சைக்கிள்ல காத்து குறைச்சு வெச்சா குலுங்காது இல்ல? அதே கதைதான்."

அவர் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. ஏனென்றால் அவள் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. குதிப்பது தப்பில்லை, துணி ரொம்ப விறைப்பாக இருக்கிறது, அதுதான் தப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்காக இழுத்துக் கட்டியது, பாவம் நாய்க்கு ஒத்துக்கொள்ளுமா? இடுக்கியை எடுத்துக்கொண்டு போய் மூன்றுக்கு ஒன்றாக, மொத்தம் பதினாறு ஸ்பிரிங்கைக் கழற்றினாள். துணி நன்றாகத் தொய்ந்தது. கையால் அழுத்தினால் முழங்கை வரை போயிற்று. ஒரு நல்ல வேலை செய்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரெக்சின் ஏறியது. துணி அமுங்கியதில் தடுமாறிச் சரிந்தது. ஆணி குதித்து இறங்கியபோது அதன் அடியிலிருந்து துணி எகிறி, அது தயாராவதற்கு முன்பே அதைத் தூக்கி வீசியது. பக்கவாட்டில் விழுந்தது. மறுபடி எழுந்து குரைத்தது. வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது. நொண்டல் நாலடியிலிருந்து பத்தடியானது. இன்னும் எங்கே விறைப்பு மிச்சமிருக்கிறது என்று பார்க்க அவள் தன் தொழில் வழியைக் கையாண்டாள். பெரிய சோஃபா வேலைகளில் அவள் செய்வது அது. சீட்டின் மேல் சாக்பீஸ் பொடியைத் துணியில் கட்டித் தட்டுவாள், யாரையாவது உட்கார்ந்து எழச் சொல்வாள். பொடி எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே அப்படியே நிற்கிறது என்று பார்த்தால் பாரம் விழும் இடம் தெரிந்துவிடும். கறுப்புத் துணி வேறு, வசதியாகப் போயிற்று. வட்டம் முழுக்கத் தட்டினாள்.

"ஆணி, நீ இன்னிக்கு ஓரமா நில்லு. அவன் மட்டும் ஏறட்டும்."

"மாவுல புரட்டி எடுக்கப் போறியா அத்தை?"

"வாயை மூடிட்டு அவனைக் கூப்பிடு."

ரெக்சின் ஏறியது. நாலைந்து முறை துள்ளியது. குறுக்கே நடந்து ஆணியிடம் வந்தது. அதை இறக்கிவிட்டு அவள் குனிந்து பார்த்தாள்.

முன்னங்கால் இரண்டின் தடங்களும் தேவைக்கு மேல் அழுத்தமாக இருந்தன. வலது பின்னங்கால் தடம் வெளிப்பக்கமாகத் திரும்பித் தேய்ந்திருந்தது. இடது பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. நகம் கீறிய ஒரு மெல்லிய கோடு மட்டும்.

குஷன்காரம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவள் முன்பே ஒருமுறை, கணவரின் மெத்தைக் குழியில் பார்த்திருக்கிறாள். வலி இருக்கிற பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற பக்கத்தில் எல்லாப் பாரத்தையும் போட்டுக்கொண்டு, சுகமாக இருக்கிறது என்று சொல்கிற உடம்பு. இது வாலால் சொல்கிறது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

கால்நடை டாக்டர் நடுத்தர வயதுப் பெண். பேச்சு கொஞ்சம், கை வேலை அதிகம். ரெக்சினை மேஜையில் ஏற்றியதும், "எங்க வலின்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"முழங்கால்லதான்" என்று குஷன்காரம்மா பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கும் இடத்தைக் காட்டினாள்.

"அது கணுக்கால்மா. முழங்கால் இங்க இருக்கு, வயித்துக்குப் பக்கத்துல." டாக்டர் தொடையைப் பிடித்துக்கொண்டு, கீழ் எலும்பை மெல்ல முன்னால் அசைத்தார். ரெக்சின் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தவில்லை. டாக்டர் இன்னொரு காலையும் அதேபோல அசைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"எலும்பு பரவாயில்ல. ரெண்டு எலும்பையும் கட்டிப் பிடிச்சிருக்கிற நார் ஒண்ணு முழங்காலுக்குள்ள இருக்கு. அது படத்துல தெரியாது, கையிலதான் தெரியும். இழுபட்டிருக்கு, இன்னும் அறுந்து போகல. எங்கயாவது குதிச்சானா?"

அவள் சொன்னாள். ஒளிக்காமல், பதினாறு ஸ்பிரிங் வரைக்கும் சொன்னாள்.

"மெத்துனு இருந்தா நல்லதுன்னு நினைச்சேங்க."

"மெத்துனு இருந்ததுதான்மா கஷ்டம். கெட்டித் தரையில கால் வெச்சா பாதம் நிலையா நிக்கும். அமுங்கற துணியில பாதம் ஒரு பக்கம் திரும்பும், மேல இருக்கிற உடம்பு இன்னொரு பக்கம் போகும். நடுவுல முழங்கால் முறுக்கிக்கும். போதாக்குறைக்குக் குழந்தை வேற குதிச்சா, இவன் எப்ப மேல போவான், எப்படி விழுவான்னு இவனுக்கே தெரியாது. நாம குதிக்கும்போது தெரிஞ்சே முழங்காலை மடக்கறோம். அவனுக்கு அந்த நேரம் கிடைக்காது."

"அப்ப ஒருநாளும் ஏத்தக் கூடாதா?"

"ஒரு தடவை ஏறி நின்னா கால் உடைஞ்சிடாது. தினம் அரை மணி நேரம் குதிக்கறதுதான் தப்பு. குட்டியா இருந்தா இன்னும் மோசம், எலும்பு முத்தியிருக்காது. இவன் குட்டியும் இல்ல, ஒல்லியும் இல்ல." டாக்டர் ரெக்சினின் விலாவைத் தடவினார். "எலும்பு கைக்கே தட்டுப்படல. இவனுக்கும் குஷன் வெச்சுத் தெச்சுட்டீங்க போலிருக்கு."

அவள் சிரிக்க முயன்றாள்.

"எட்டு வாரம். குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, வாரைப் பிடிச்சு மெதுவா கெட்டித் தரையில நடக்க வைங்க. சாப்பாட்டைக் குறைங்க. படுக்கை அமுங்காம இருக்கணும். நார் பிடிச்சுக்கிட்டா நல்லது. அறுந்துட்டா ஆபரேஷன்தான். அதுவும் இந்த எடையோட அவ்வளவு சுலபம் இல்ல."

வாரைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் வாசல் வரை போனாள். அப்புறம் திரும்பி நின்றாள்.

"டாக்டர், மனுஷங்களுக்கும் இப்படித்தானா? ரொம்ப மெத்துனு இருந்தா…"

"மனுஷங்க சங்கதி எனக்குத் தெரியாதும்மா. அவங்களுக்குத்தான் வாய் இருக்கே, வலிச்சா சொல்லிடுவாங்க."

"எல்லாரும் சொல்றதில்லைங்க" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிய பதினாறு ஸ்பிரிங்கையும் மாட்டினாள். ஆணி பள்ளிவிட்டு வந்தபோது ரெக்சின் கடைக்குள் கட்டிப்போட்டிருந்தது.

"நான் மெதுவா குதிக்கிறேன் அத்தை. அவன் பக்கத்துலயே போகமாட்டேன்."

"முடியாதுடி."

"அப்ப அவனுக்கு என்னதான் இருக்கு? மறுபடியும் வாசல்லயே கிடப்பான்."

அவள் பயந்ததும் அதற்குத்தான். குழந்தை அதை நேராகச் சொல்லிவிட்டது. குஷன்காரம்மா ஆணியை ஸ்டூலில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு உன் மேல இல்ல. நான்தான் ஸ்பிரிங்கைக் கழட்டி அவன் காலை இன்னும் கெடுத்தேன். வாலை மட்டும் பார்த்தேன், காலைப் பார்க்கல. இந்தத் தப்பு எனக்கு இது ரெண்டாவது தடவை. மூணாவது வேணாம்."

முதல் தடவை எது என்று ஆணி கேட்கவில்லை. கொஞ்சம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, நான் குதிக்கும்போது நீ அவனை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு. பார்த்தா அழுவான்" என்றாள்.

ஐந்து மணி அப்படித்தான் மாறியது. அந்தத் தெருவில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தும் அவளுக்குக் கடை தெரியும், கடைக்குள் வருகிற நாற்காலிகள் தெரியும், தெரு தெரியாது. இப்போது நாயைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனாள். முதல் வாரம் அங்கேயே திரும்பினாள். அண்ணன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவர் தங்கையைப் பார்த்து ஆரன் அடித்தார். இரவு வீட்டுக்கு வந்ததும், "வேலையில்லாம ஊர் சுத்தறியாமே" என்று சீண்டினார். மூன்றாவது வாரம் நிறுத்தத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு பெஞ்சில் அவள் மனசாரப் பத்து நிமிஷம் உட்கார்ந்ததில்லை. ரெக்சின் காலடியில் படுத்தது. பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினாள். கடினமாகத்தான் இருந்தது. ஆனால் நேராக இருந்தது.

ரெக்சினுக்குப் பலகை அடித்து, மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் அடர்த்தியான ஃபோம் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். கணவருக்காக வாங்கி வந்து, பரணில் அப்படியே கிடந்த பலகை. இரண்டு நாள் அது பழைய சாக்குக் குவியலையே தேடிப் போனது. மூன்றாம் நாள் பலகையில் படுத்துத் தூங்கியது.

பம்ப் ஆரம்பத்தில் கேலி செய்தார். "நாயைப் பட்டினி போட்டு மரப்பலகையில படுக்க வெச்சிருக்கீங்க. குஷன் கடைன்னு போர்டு எதுக்கு?" கொஞ்ச நாளில் அவரே, "அக்கா, எனக்கும் ஒரு பலகை தெச்சுக் குடுங்க. முதுகு பிடிச்சுக்குது" என்று வந்து நின்றார்.

நடுவே ஒருநாள் கைதவறி வார் நழுவியது. ரெக்சின் முற்றத்துக்கு ஓடியது. ஆணி அந்தரத்தில் இருந்தாள். இறங்கியவள் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, "வராதே, கீழயே நில்லு" என்றாள், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அது நின்றது. அவளே இறங்கி வந்து தரையில் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் குதிக்கவில்லை. பாதி நாள் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

எட்டாவது வாரம் டாக்டர் காலை அசைத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "பிடிச்சிருக்கு. முழுசா இல்ல, ஆனா கெட்டியா இருக்கு. இனி வாரில்லாம நடக்கலாம். அந்த வட்டத்தை மட்டும் மறந்துடுங்க." விலாவைத் தடவிவிட்டு, "எலும்பு கைக்கு வருது" என்றார்.

டாக்டர் சொன்னால் டாக்டர் சொன்னதுதான். இருந்தாலும் குஷன்காரம்மா கடைக்கு வந்ததும் தரையைக் கூட்டித் துடைத்தாள். சிவப்புச் சிமெண்ட் தரை. காய்ந்ததும் வாசலிலிருந்து மிஷின் வரை சாக்பீஸ் பொடியைத் தட்டினாள். மறுகோடியில் போய் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ரெக்சின் நடந்து வந்தது. அவசரமில்லாமல், வழியில் ஒரு நூல்கண்டை மோந்து பார்த்துவிட்டு வந்து, அவள் மடியில் தாடையை வைத்தது. அவள் அதன் தலைக்கு மேலாகத் தரையைப் பார்த்தாள்.

நாலு தடம். இடது பின்னங்காலுடையது மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் மெலிதாக இருந்தது. ஆனால் நாலு விரலும் நடுவில் மெத்தையுமாக, முழுசாகப் பதிந்திருந்தது. வாசலிலிருந்து அவள் வரைக்கும், ஒன்றுகூட விடாமல்.

"என்னக்கா, மாவு கொட்டிடுச்சா?" பம்ப் பலகையை வாங்கிக்கொண்டு போக வந்தவர், படியைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார்.

"காலை எடுங்க தம்பி" என்றாள் குஷன்காரம்மா.

"எந்தக் காலை?"

"உள்ள வெச்ச காலை. அப்படியே பின்னால போங்க. பலகையை நான் எடுத்துட்டு வர்றேன்."

சொன்னாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. நாயின் தாடை இன்னும் மடியில் இருந்தது. பம்ப் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.